வர்ஜீனியாவில் வாங்கிய வேக டிக்கெட் நியூஜெர்சி வரை வந்த கதை

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. வட கரோலினாவில் கேரி என்ற ஊரில் இருக்கும் என் தோழிக்கு மறுநாள் வளைகாப்பு. என் கணவர் தன் அப்பாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்காகத் திருச்சி போயிருந்தார். அதனால் நியூஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனிலிருந்து தனியாகவே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின் சீட்டில் கண்ணாடி வளையல் பெட்டிகள் இரண்டு, ஒரு பெரிய பாட்டிலில் புளிக்காய்ச்சல், சந்தனம், குங்குமம். விழா மறுநாள்தான் என்பதால் அவசரம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எத்தனையோ இரவு "எதற்காக அவ்வளவு வேகம் போனேன்?" என்று யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

நியூஜெர்சியிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அந்த வழி தெரியும். டெலவேர், மேரிலாந்து, வாஷிங்டன் நெரிசல், பிறகு ரிச்மண்ட். பீட்டர்ஸ்பர்கில் ஐ-95 விட்டு ஐ-85 பிடித்ததும் சாலை சட்டென்று காலியாகிவிடும். இரண்டு பக்கமும் பைன் மரம், நடுவிலும் மரம், எதிரே வரும் வண்டிகூடக் கண்ணில் படாது. ஆறு மணி நேரம் நெரிசலில் ஓட்டிய கால் அங்கே தானாக அழுத்துகிறது. அந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 70 மைல். நடுவில் மரங்களுக்குள் நின்றிருந்த ட்ரூப்பரின், அதாவது மாநிலப் போலீஸ்காரரின், வண்டியை நான் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் நீல விளக்கைப் பார்த்ததும் ஓரம் கட்டினேன். நிறுத்திய வேகத்தில் பின் சீட்டுப் பெட்டிக்குள் வளையல்கள் கலகலவென்று உருண்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

86 மைல் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். என் மனக்கணக்கு உடனே ஓடியது: 70-ல் 86, அதாவது 16 மைல் அதிகம், நூற்றைம்பது இருநூறு டாலர் போகும், சரி. ஒரு வருடம் முன்பு பென்சில்வேனியாவில் போகோனோ மலைப் பக்கம் போனபோது இதேபோல ஒரு டிக்கெட், அதாவது போலீஸ் எழுதித் தரும் அபராதச் சீட்டு, வந்தது. அன்று இரவே இணையத்தில் பணம் கட்டிவிட்டு மறந்துபோனேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவர் தாளை நீட்டி, "கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது இல்லை, கோர்ட்டுக்கு வருவேன் என்ற உறுதி மட்டும்தான்" என்றார். கோர்ட்டா? தாளைப் பார்த்தேன். சட்டப் பிரிவு 46.2-862 என்று இருந்தது. அதன் பக்கத்தில் 'ரெக்லெஸ் டிரைவிங்'. ஆபத்தாக வண்டி ஓட்டியதாக என் மேல் வழக்கு.

கேரி போய்ச் சேரும் வரை எனக்கு முழுதாகப் புரியவில்லை. அன்று இரவு தோழி வீட்டு விருந்தினர் அறையில் போனில் தேடித் தேடிப் படித்தபோதுதான் கை நடுங்கத் தொடங்கியது. வர்ஜீனியாவில் வரம்பைவிட 20 மைல் அதிகமாகப் போனாலும் சரி, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலும் சரி, அது வெறும் வேக டிக்கெட் இல்லை. முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது குற்றவியல் வழக்கு. சட்டப்படி அதிகபட்சம் 12 மாதம் சிறை, 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை வர்ஜீனியாவில் ஓட்டும் உரிமை ரத்து. 2020 ஜூலைக்கு முன்பு இந்த எல்லை 80 மைலாகவே இருந்ததாம். நான் போனது 86. ஒரே ஒரு மைல் குறைந்திருந்தால் அது சாதாரண டிக்கெட். மறுநாள் வளைகாப்பில் எல்லோரும் தோழி கையில் வளையல் அடுக்க, நானும் அடுக்கினேன், சிரித்தேன், போட்டோவில் நின்றேன். வயிற்றுக்குள் மட்டும் கல் உருண்டது போல இருந்தது. தோழியின் அம்மா, "ஏம்மா, முகமே சரியில்லையே, சாப்பிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டில் இதைச் சொல்ல மனம் வரவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் அலைந்துகொண்டிருப்பவருக்கு இது வேறா என்று நினைத்தேன். அது தவறு. யாரிடமாவது சொல்லியிருந்தால் முதல் பத்து நாள் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

ஊர் திரும்பியதும் பழைய பழக்கப்படி பணம் கட்ட முடியுமா என்று பார்த்தேன். முடியாது. வர்ஜீனியாவில் ரெக்லெஸ் வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடிக்கக்கூடியது இல்லை, நீங்கள் போக வேண்டும் அல்லது உங்களுக்காக வக்கீல் போக வேண்டும். போகாமல் விட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வரலாம், பிடியாணையும் வரலாம். அந்த வாரமே அஞ்சல் பெட்டியில் முன்பின் தெரியாத வர்ஜீனியா வக்கீல்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. என் பெயரும் வழக்கும் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பயந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கோர்ட் வழக்குப் பட்டியல் பொதுவில் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். உங்களுக்கும் வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கடிதங்கள் பயன்படவும் செய்யும், ஏனென்றால் யார் அந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிறார்கள் என்பதற்கு அது ஒரு தடயம். நான் நான்கு பேரிடம் பேசினேன். எல்லோரிடமும் இரண்டு கேள்விதான் கேட்டேன்: இந்தக் கோர்ட்டில் மாதத்தில் எத்தனை நாள் நிற்கிறீர்கள்? முடிவு எந்தக் குற்றத்தின் பெயரில் நியூஜெர்சிக்குப் போகும்? இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர் ஒருவர்தான். 900 டாலர், மொத்தமாக. அவரையே வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது கேள்விதான் இந்த விஷயத்தில் எல்லாமே. மாநிலத்துக்கு மாநிலம் தகவல் போகாது, ஊர் தாண்டிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று நம் ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். போகும். அமெரிக்க மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஜார்ஜியா, விஸ்கான்சின் போல ஒரு சில தவிர ஏறக்குறைய எல்லாமே அதில் உண்டு. ஓர் ஓட்டுநருக்கு ஒரு லைசென்ஸ், ஒரே ரெக்கார்ட் என்பது அதன் அடிப்படை. நீங்கள் தண்டனை பெற்ற மாநிலம் அதை உங்கள் சொந்த மாநிலத்துக்கு அனுப்பும். அதை வைத்து என்ன செய்வது என்பதைச் சொந்த மாநிலம் தன் விதிப்படி முடிவு செய்யும். நியூஜெர்சியில் வெளி மாநிலத்துக் குற்றம் என்றால் 2 பாயின்ட், அதாவது ஓட்டுநர் கணக்கில் ஏறும் தவறுப் புள்ளி. இதே 86-ஐ நான் நியூஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் 65 மைல் பகுதியில் ஓட்டியிருந்தால் 4 பாயின்ட் விழுந்திருக்கும். நியூயார்க்கில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு வெளி மாநிலத்து வேக டிக்கெட்டால் பாயின்டே ஏறாது. அவர்கள் கனடாவின் ஒண்டாரியோ, கியூபெக் டிக்கெட்டுக்குத்தான் பாயின்ட் போடுகிறார்கள். இதைக் கேட்டதும், "2 பாயின்ட்தானே" என்று எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. வக்கீல்தான் அந்த நிம்மதியைக் கலைத்தார். பாயின்ட் வேறு, ரெக்கார்டில் எழுதி நிற்கும் வரி வேறு. வரியில் 'ரெக்லெஸ்' என்று இருந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். வர்ஜீனியாவின் சொந்தப் பதிவில் அது 11 வருடம் நிற்கும்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தேன். அடுத்த தடவை ஊருக்குப் போனால் சென்னையில் ஸ்டாம்பிங், அதாவது தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புது விசா வாங்குவது. விசா விண்ணப்பத்தில் கைது, தண்டனை பற்றி ஒரு கேள்வி உண்டு. சாதாரண வேக டிக்கெட்டை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஆனால் மிஸ்டிமீனர் குற்றவியல் தண்டனை. குடிபோதையில் ஓட்டி மாட்டியவர்களுக்கு விசாவே ரத்தான கதைகள் எனக்குத் தெரியும். என்னுடையது அந்த வகை இல்லை என்று தெரிந்தும், இரவு இரண்டு மணிக்கு மனம் அதையெல்லாம் கேட்பதில்லை. குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரத்துக்கு 150 டாலர் கொடுத்துக் கேட்டேன். அவர் சொன்னது: முடிந்தவரை குற்றவியல் தண்டனையாக முடியாமல் பாருங்கள், எப்படி முடிந்தாலும் கோர்ட்டின் முத்திரை போட்ட தீர்ப்பு நகலை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் இருக்கிறவர்கள் இந்த 150 டாலரைச் சேமிக்க நினைக்க வேண்டாம். போக்குவரத்து வக்கீலுக்குக் குடியேற்றச் சட்டம் தெரிய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

வர்ஜீனியா வக்கீல் எனக்கு மூன்று வேலை கொடுத்தார். முதலாவது, நியூஜெர்சி மோட்டார் வாகன ஆணையத்தின் தளத்திலிருந்து என் டிரைவிங் ரெக்கார்டை எடுப்பது. 15 டாலர். அதைத் திறந்ததும்தான் அந்தப் பழைய பென்சில்வேனியா டிக்கெட்டை மறுபடி பார்த்தேன். தேதியோடு, 2 பாயின்டோடு ஒரு வரி. நியூஜெர்சியில் ஒரு வருடம் எந்தக் குற்றமும் இல்லாமல் ஓட்டினால் 3 பாயின்ட் குறையும் என்பதால் பாயின்ட் கணக்கு பூஜ்யமாகியிருந்தது. ஆனால் வரி அப்படியே நின்றது. "இது இல்லாமல் இருந்தால் சுத்தமான ரெக்கார்ட் என்று நீதிபதியிடம் சொல்லியிருப்பேன்" என்றார் வக்கீல். அன்று இரவு கட்டிய பணம் என்னைப் பொறுத்தவரை அபராதம். சட்டத்தின் கணக்கில் அது நான் எழுதிக் கொடுத்த ஒப்புதல். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது என்றால் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது என்பதை யாராவது 2021-ல் எனக்குச் சொல்லியிருக்கக்கூடாதா என்று அன்று அழுதேவிட்டேன். தபாலில் வரும் கேமரா டிக்கெட் வேறு. உதாரணமாக மேரிலாந்து வேகக் கேமராவில் விழுந்தால் அது வண்டியின் உரிமையாளருக்கு வரும் அபராதம், பாயின்ட் கிடையாது, கட்டிவிட்டு விட்டுவிடலாம். போலீஸ் கையால் எழுதிக் கொடுத்ததை மட்டும் அன்றே கட்டாதீர்கள். இரண்டு நாள் விசாரித்துவிட்டுக் கட்டுங்கள்.

இரண்டாவது வேலை, எட்டு மணி நேர ஓட்டுநர் மேம்பாட்டு வகுப்பு. இணையத்தில் முடித்தேன், 75 டாலர். மூன்றாவது, ஸ்பீடோமீட்டர் சோதனை. வழக்குக்கு முந்தின நாள் ரிச்மண்ட் அருகே ஒரு கடையில் செய்தேன். வண்டியின் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி ஓட்டவிட்டு, உண்மை வேகத்தையும் மீட்டர் காட்டும் வேகத்தையும் ஒப்பிட்டுத் தாளில் எழுதித் தருகிறார்கள். 85 டாலர். உண்மையில் 86 போகும்போது என் மீட்டர் 83 காட்டியது. அந்தக் கோடையில் நான்கு டயரும் மாற்றியிருந்தேன், அளவு கொஞ்சம் பெரியது. கடைக்காரர் டயர் பக்கவாட்டில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, "இதுதான்" என்றார். மீட்டர் தவறு என்பது நான் வேகமாகப் போனதை மாற்றிவிடாது. ஆனால் 85-ஐத் தாண்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று அந்தத் தாள் சொல்லும்.

கோர்ட் டிசம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வக்கீல் மட்டும் போனாலும் போதும் என்றார், நேரில் வந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். போனேன். முந்தின இரவு விடுதி, இரண்டு நாள் விடுப்பு. வாசலிலேயே போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். காருக்கு நடந்துபோய் வைத்துவிட்டு வந்தேன். போன் இல்லாமல் மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது, இந்த ஆறு வாரத்தில் மிக நீண்ட இரண்டு மணி நேரம். வெளி மாநிலத்து ஆட்களும் நிறைய. ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். எனக்கு முன் ஒரு பையன், கல்லூரி வயது, வக்கீல் இல்லாமல் வந்திருந்தான். நீதிபதி, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா?" என்றதும், "நான் போனது உண்மைதான், மன்னித்துவிடுங்கள்" என்றான். அவ்வளவுதான், அவன் மேல் ரெக்லெஸ் அப்படியே நின்றுவிட்டது. நேர்மையாகப் பேசினான், அதில் தவறில்லை. ஆனால் அவன் கையில் ஒரு தாள்கூட இல்லை. என் வழக்கில் வக்கீல் பேசியது மூன்று நிமிடம் இருக்கும். ட்ரூப்பரிடம் நீதிபதி, "நடந்துகொண்ட விதம் எப்படி?" என்று கேட்டார். "மரியாதையாக இருந்தார்" என்று அவர் சொன்னது எனக்குப் பெரிய உதவி. சாலை ஓரத்தில் நான் வாயைத் திறந்து வாதாடாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. நீதிபதி மீட்டர் தாளைப் பார்த்தார், வகுப்புச் சான்றிதழைப் பார்த்தார், என் ரெக்கார்டைப் புரட்டிப் பென்சில்வேனியா வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு 70-ல் 79 என்று குறைத்து, சாதாரண வேகக் குற்றமாக முடித்தார். அபராதமும் கோர்ட் செலவும் சேர்த்து 138 டாலர். ஜன்னலில் கட்டிவிட்டு, முத்திரை போட்ட நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். காருக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் கணவரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "ஏன் தனியாச் சுமந்தே?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி 15 டாலர் கட்டி ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். வர்ஜீனியா வரி வந்திருந்தது, 2 பாயின்ட். இதை எல்லோரும் செய்ய வேண்டும். கோர்ட்டில் குறைத்த குற்றம்தான் உங்கள் மாநிலத்துக்குப் போயிருக்கிறதா, பழைய பெயரிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேறு வழி இல்லை. தவறாக இருந்தால் அந்த முத்திரை நகல்தான் ஆதாரம். நியூஜெர்சியில் மூன்று வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் தனியாக 150 டாலர் கூடுதல் கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்டுக்கும் 25. நான் அங்கே போகாமல் தப்பினேன். மாநிலம் அங்கீகரித்த தற்காப்பு ஓட்டுநர் வகுப்பு ஒன்றை முடித்து அந்த 2 பாயின்டையும் குறைத்துக்கொண்டேன். அதற்கு இன்சூரன்ஸில் மூன்று வருடத் தள்ளுபடியும் உண்டு. ஆனாலும் அடுத்த புதுப்பிப்பில் ஆறு மாதப் பிரீமியம் 694-லிருந்து 861 டாலர் ஆனது, அதுவும் தள்ளுபடி போக. ரெக்லெஸ் என்றே நின்றிருந்தால் எங்கே போயிருக்கும் என்று ஏஜென்ட் ஒரு தொகை சொன்னார், அதைக் கேட்டுவிட்டு வக்கீலுக்குக் கொடுத்த 900-ஐ நினைத்து வருந்துவதை விட்டுவிட்டேன். விடுதி, பெட்ரோல், நகல்கள் எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போனது ஏறக்குறைய 1,550 டாலர். மூன்று வருடப் பிரீமியம் ஏற்றத்தைச் சேர்த்தால் 2,500 தாண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது. என் அலுவலகத்தில் ஒருவர் டெலவேரில் வாங்கிய டிக்கெட்டை வீடு மாறும் களேபரத்தில் மறந்துவிட்டார். லைசென்ஸில் முகவரியும் மாற்றவில்லை, அதனால் நினைவூட்டல் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போயின. பதில் சொல்லாதவர்களின் லைசென்ஸைச் சொந்த மாநிலம் நிறுத்தி வைக்கத் தனியாக இன்னோர் ஒப்பந்தம் இருக்கிறது, அதில் டெலவேரும் உண்டு, நியூஜெர்சியும் உண்டு. லைசென்ஸ் நிறுத்தப்பட்டது அவருக்கே தெரியாது. பின்விளக்கு எரியவில்லை என்று உள்ளூர்ப் போலீஸ் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. குழந்தைகள் இரண்டும் வண்டியில் இருந்தன. மீட்க 100 டாலர் கட்டணம், அது போக நிறுத்தப்பட்ட லைசென்ஸோடு ஓட்டியதற்குத் தனி வழக்கு. நியூஜெர்சியில் வீடு மாறினால் ஒரு வாரத்துக்குள் முகவரியை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதும்.

2024 பிப்ரவரியில் சென்னைக்கு ஸ்டாம்பிங் போனேன். விண்ணப்பத்தைக் குடியேற்ற வக்கீல் சொன்னபடி நிரப்பியிருந்தேன். முத்திரை நகலைப் பாஸ்போர்ட்டுக்குப் பின்னால், கோப்பின் முதல் தாளாக வைத்திருந்தேன். ஜன்னலில் இருந்த அதிகாரி வேலை பற்றி இரண்டு கேள்வி கேட்டார், சம்பளம் கேட்டார், விசா கிடைத்தது என்றார். அந்தத் தாளை எடுக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்த கணவரிடம் கோப்பைக் கொடுத்துவிட்டு, முதலில் ஒரு மோர் வாங்கித் தரச் சொன்னேன்.